நோயாளி நேற்று எவ்வளவு நடந்தார்?

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயை உறுதிசெய்ய ஊதிப் பார்க்கும் பரிசோதனை வேண்டும். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, குழாயை உதட்டில் இறுக்கிப் பிடித்து, முடிந்த வேகத்தில் ஊத வேண்டும். முதல் நொடியில் வெளியேறிய காற்று எவ்வளவு, மொத்தம் வெளியேறியது எவ்வளவு என்ற இரண்டு அளவுகளின் விகிதம் நோய் உண்டா இல்லையா என்று சொல்லிவிடும். 1846இல் ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் தன் ஸ்பைரோமீட்டரைப் பற்றி எழுதிய காலம் முதல் நுரையீரல் மருத்துவம் இந்த ஊதலை நம்பித்தான் நிற்கிறது. அந்த நம்பிக்கை நியாயமானதும்கூட. ஊதிப் பார்க்காமல் இருமலையும் இளைப்பையும் மட்டும் வைத்து மருந்து எழுதுவதால் எத்தனையோ பேருக்கு வேறு நோய்கள் தவறிப்போகின்றன. ஆனால் நோயைக் கண்டுபிடிக்கிற எண்ணே நோயாளியின் வாழ்க்கையையும் அளந்துவிடும் என்று எடுத்துக்கொள்வதற்கு ஆதாரம் இல்லை. ஒரே அளவு காற்றை ஊதுகிற இருவரில் ஒருவர் காலையில் கடைத்தெருவுக்குப் போய்க் காய்கறி வாங்கி வருகிறார். மற்றவர் கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போகவே யோசிக்கிறார். இந்த வேறுபாடு நுரையீரலுக்குள் மட்டும் உண்டாவதில்லை. அன்றாட நடமாட்டத்தைத் தனியாக அளந்து, அதைக் காப்பதையே சிகிச்சையின் நேரடி இலக்காக வைக்க வேண்டும் என்பதே கடந்த இருபது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தெரியும் முடிவு.

பெல்ஜியத்தின் லூவன் நகரில் ஃபேபியோ பிட்டாவும் அவருடைய குழுவினரும் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வு இங்கே தொடக்கப் புள்ளி. இந்த நோய் உள்ள 50 பேரையும் அதே வயதில் நலமாக இருந்த 25 பேரையும் எடுத்துக்கொண்டு, அசைவை உணரும் கருவியை அவர்கள் உடலில் பகலில் 12 மணி நேரம் அணிவித்துப் பார்த்தார்கள். நலமாக இருந்தவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 81 நிமிடம் நடந்தார்கள். நோயாளிகள் 44 நிமிடம். நின்றிருந்த நேரமும் அப்படியே, 295 நிமிடத்துக்கு எதிராக 191. குறைந்த நேரமெல்லாம் உட்கார்வதிலும் படுப்பதிலும் போனது. பகலில் படுத்திருந்த நேரம் 29 நிமிடத்திலிருந்து 87 ஆகியிருந்தது. நடந்த கொஞ்ச நேரத்திலும் அவர்களுடைய வேகம் குறைவு. இவற்றைவிட முக்கியமான ஒன்று அந்த ஆய்வில் இருக்கிறது. யார் அதிகம் நடக்கிறார், யார் குறைவாக நடக்கிறார் என்பதற்கும் முதல் நொடியில் ஊதிய காற்றின் அளவுக்கும் இருந்த தொடர்பு பலவீனமானது. ஆறு நிமிட நேரத்தில் நடைபாதையில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்ற எளிய சோதனையோடு இருந்த தொடர்பு அதைவிடப் பல மடங்கு வலுவானது. பிறகு வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: நடமாட்டம் குறைவது நோய் முற்றிய பிறகு வரும் விளைவு அன்று. அப்போதுதான் நோய் கண்டறியப்பட்டு, மூச்சிரைப்பைப் பெரிதாகச் சொல்லாதவர்களிடமே அது தொடங்கிவிடுகிறது. மாடிப்படியைத் தவிர்ப்பது, கடைக்குப் பேரனை அனுப்புவது, கோயிலுக்குப் போவதை விசேஷ நாட்களோடு நிறுத்திக்கொள்வது என்று வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்கிறவருக்கு இரைப்பு தெரிவதில்லை. அவர் 'இப்போ பரவாயில்லை' என்றுதான் மருத்துவரிடம் சொல்வார்.

ஏன் இப்படி ஆகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிகிச்சைக்கான வழி அதற்குள்தான் இருக்கிறது. அடைபட்ட காற்றுக்குழாய்களில் உள்ளே போன காற்று வெளியேற அதிக நேரம் எடுக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்த நேரம் கிடைத்துவிடும். நடக்க ஆரம்பித்ததும் மூச்சின் வேகம் கூடுகிறது. முந்தைய மூச்சு முழுதாக வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சை இழுக்க வேண்டியிருக்கிறது. காற்று உள்ளே தேங்கித் தேங்கி மார்பு உப்பிய நிலையிலேயே நிற்க, உதரவிதானம் தட்டையாகி வலு இழக்கிறது. அப்போது நோயாளி உணர்வது வெளிவிட முடியாத மூச்சை அன்று, உள்ளே போக இடமில்லாத மூச்சை. கையைத் தூக்கிச் செய்யும் வேலைகளில் இது இன்னும் மோசம். தோளையும் கழுத்தையும் சுற்றியுள்ள தசைகள் இத்தகைய நோயாளிகளிடம் மூச்சிழுக்கவும் உதவிக்கொண்டிருப்பவை. தலைக்கு எண்ணெய் வைக்கவோ கொடியில் துணி போடவோ கையைத் தூக்கினால் அவை அந்த வேலைக்குப் போய்விடுகின்றன. தாங்கல் இல்லாமல் கையைத் தூக்கிச் செய்யும் வேலையில் இவர்களின் மூச்சு ஒழுங்கு குலைவதை பார்த்தலோமே செல்லியும் உடன் ஆய்வாளர்களும் 1986இலேயே காட்டினார்கள். அரை மணி நேரம் மெதுவாக நடக்கிறவர் தலை வாரும்போது திணறுவதை வீட்டார் நடிப்பென்று நினைத்துவிடக் கூடாது.

அடுத்தது கால்கள். நாட்பட்ட நுரையீரல் நோயாளிகளின் தொடைத் தசையில் ஊசி போட்டு எடுத்த திசுக்களை ஆராய்ந்தபோது, நீண்ட நேரம் களைக்காமல் வேலை செய்யும் தசைநார்கள் குறைந்து, சீக்கிரம் களைத்துவிடும் வகை கூடியிருப்பது தெரிந்தது. பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் அளந்து பார்த்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தொடைத் தசை பலவீனம் இருந்தது. மூச்சளவு பெரிதாகக் குறையாதவர்களும் அதில் உண்டு. பலவீனமான தசை சிறிய வேலைக்கே லாக்டிக் அமிலத்தை அதிகம் உண்டாக்குகிறது, அதை ஈடுகட்ட மூச்சு இன்னும் வேகமாக ஓட வேண்டியிருக்கிறது. ஆக, நடக்காததால் கால் தேய்கிறது, கால் தேய்ந்ததால் அதே தூரத்துக்கு இரைப்பு கூடுகிறது, இரைப்புக்குப் பயந்து நடை இன்னும் குறைகிறது. எடை இழப்பும், அடிக்கடி கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரைகளும் இதை விரைவுபடுத்துகின்றன. ஜெர்மனியில் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வில், தினசரி அடிகளின் எண்ணிக்கை ஆண்டுக்குச் சராசரியாக 393 குறைந்துகொண்டே போனது. நோய் லேசா கடுமையா என்ற பாகுபாடு இந்தச் சரிவில் இல்லை. நல்ல செய்தியும் இதிலேயே இருக்கிறது. சிதைந்த நுரையீரலைத் திரும்பக் கட்ட முடியாது. தேய்ந்த தொடையைக் கட்ட முடியும்.

நடமாட்டம் குறைவதன் விலை உயிர்தான் என்று சொல்லும் ஆய்வுகள் பல. செல்லி குழுவினர் 2004இல் உடல் எடை, அடைப்பின் அளவு, மூச்சிரைப்பு, ஆறு நிமிட நடை ஆகிய நான்கையும் சேர்த்துப் பத்துப் புள்ளிக் கணக்கு ஒன்றை உருவாக்கினார்கள். மரணத்தைக் கணிப்பதில் அது ஊதல் அளவை மட்டும் பார்ப்பதைவிடத் தெளிவாகச் சிறந்தது. கோபன்ஹேகன் நகரவாசிகளை நெடுங்காலம் தொடர்ந்த ஆய்விலிருந்து இந்நோய் உள்ள 2,386 பேரை எடுத்துப் பார்த்தபோது, வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது நடப்பது, சைக்கிள் ஓட்டுவது போன்ற உழைப்பு உள்ளவர்களுக்கு மருத்துவமனையில் சேரும் அபாயமும் மூச்சு நோயால் இறக்கும் அபாயமும் 30 முதல் 40 விழுக்காடு குறைவாக இருந்தன. 2011இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு பல அளவுகோல்களை ஒப்பிட்டு, யார் இறப்பார் என்பதைக் கருவியால் அளந்த அன்றாட நடமாட்டமே மற்ற எல்லாவற்றையும்விட நன்றாகச் சொன்னது என்றது. இங்கே எழும் மறுப்பு எளிதில் ஒதுக்கிவிட முடியாதது: நோய் கடுமையானவர் குறைவாக நடக்கிறார், அவரே சீக்கிரம் இறக்கிறார், நடை குறைந்ததால் இறந்தார் என்று எப்படிச் சொல்வது? வயது, புகைப்பழக்கம், ஊதல் அளவு, மற்ற நோய்கள் எல்லாவற்றையும் கழித்த பின்னும் தொடர்பு நிற்கிறது என்பது பதிலின் ஒரு பாதி. மறுபாதியை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: இவை பார்த்து எழுதிய ஆய்வுகள். நடக்க வைத்தால் ஆயுள் கூடும் என்பதற்கு இவற்றை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. ஆனால் என் வாதம் ஆயுளின் மேல் நிற்கவில்லை. நாளின் பெரும்பகுதியைக் கட்டிலில் கழிப்பதே ஓர் இழப்பு. அதைத் தடுக்க முடியும் என்பதற்குத் தனியான, உறுதியான சான்று இருக்கிறது.

அந்தச் சான்றுக்குப் போகும் முன், நெஞ்சு நோய் என்றாலே ஓய்வு என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது உதவும். காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், படுக்கையில் கிடப்பதும் நல்ல காற்றும் சத்துணவுமே மருத்துவம். தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையப் பெயர் அந்தக் காலத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த நம்பிக்கையை முறையான சோதனைக்கு உட்படுத்தியது சென்னைதான். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை சேர்ந்து இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். ஒரே மருந்துகளை ஒரு சாராருக்கு சானடோரியத்தில் வைத்தும் மற்றவர்களுக்கு அவரவர் நெரிசலான வீட்டில் வைத்தும் ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களுக்கு உணவு மோசம், ஓய்வு குறைவு, வேலை அதிகம். அப்படியிருந்தும் 1959இல் வெளியான முடிவுகள் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியதைக் காட்டின. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட அது ஒரு காரணம். காசநோயைக் குணமாக்கியது மருந்து, அந்த முடிவை அப்படியே அடைப்பு நோய்க்குப் பொருத்த முடியாது என்பது உண்மை. ஆனாலும் நுரையீரலுக்கு ஓய்வு நல்லது என்ற பொது நம்பிக்கை, சோதித்த இடத்தில் நிற்கவில்லை என்பதை இந்த நகரம் அன்றே கண்டுவிட்டது. அதே நகரத்து வீடுகளில் 'அலட்டிக்காதீங்க, படுங்க' என்ற அறிவுரை இன்றும் முதல் மருந்தாக இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அடைப்பு நோய்க்கு உடற்பயிற்சி தரலாம் என்ற எண்ணம் 1952இல் நியூயார்க்கின் ஆல்வன் பராக் எழுதியபோதே இருந்தது. 1960களில் டென்வரில் தாமஸ் பெட்டி அதை முறைப்படுத்தினார். ஆனால் நீண்ட நாள் ஒரு தடை நின்றது: மூச்சு முதலில் தீர்ந்துவிடுவதால், தசை பலப்படும் அளவுக்கு இவர்களால் உழைக்கவே முடியாது என்றார்கள். 1991இல் காசபுரி குழுவினர் அது தவறென்று காட்டினர். கடுமையான பயிற்சி பெற்றவர்களிடம் அதே வேலைக்கு லாக்டிக் அமிலமும் குறைந்தது, மூச்சின் தேவையும் குறைந்தது. நுரையீரல் மாறவில்லை, அதனிடம் கேட்கப்படும் வேலை குறைந்தது. பிறகு சோதனைகள் குவிந்தன. 2015இல் காக்ரன் அமைப்பின் தொகுப்பாய்வு 65 சோதனைகளையும் 3,822 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தது. பயிற்சி பெற்றவர்கள் ஆறு நிமிட நடையில் சராசரியாக 44 மீட்டர் அதிகம் நடந்தார்கள். நோயாளிக்கே வித்தியாசம் தெரிய சுமார் 30 மீட்டர் போதும். மூச்சிரைப்பு, களைப்பு, மனநிலை எல்லாவற்றிலும் முன்னேற்றம். வழக்கமான கவனிப்போடு ஒப்பிடும் சோதனை இனி தேவையில்லை என்று அந்தக் கேள்வியையே மூடிவிட்டார்கள். மருத்துவத்தில் அப்படி மூடப்பட்ட கேள்விகள் மிகக் குறைவு.

சிக்கல் இதற்குப் பிறகுதான் வருகிறது. நடைபாதையில் 44 மீட்டர் அதிகம் நடப்பவர், வீட்டுக்குப் போய் அதிகம் நடக்கிறாரா? பெரும்பாலும் இல்லை. பிட்டா 2008இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாதப் பயிற்சியில் உடல் திறன் கூடிவிட்டது. அன்றாட நடை நேரம் உயர ஆறு மாதமானது. இன்ஹேலர்களின் கதையும் இதுவே: சைக்கிளில் தாக்குப்பிடிக்கும் நேரம் கூடுகிறது, தினசரி அடிகள் கொஞ்சமே அசைகின்றன. முடியும் என்பதும் செய்கிறார் என்பதும் வேறு வேறு அளவுகள் என்பதை இந்தத் துறை மெதுவாகத்தான் ஏற்றுக்கொண்டது. பயிற்சியால் அன்றாட நடமாட்டம் உயரவில்லையே, பிறகு எதற்கு இந்தச் செலவு என்று கேட்பவர்களுக்கு என் பதில்: திறனைத் தருவது பயிற்சிக்கூடத்தின் வேலை, அதைப் பயன்படுத்த விடுவது வீடும் தெருவும். பார்சலோனாவில் நடந்த ஒரு சோதனை இதைத் தெளிவாக்குகிறது. அங்கே 407 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு அவரவர் வசிக்கும் பகுதியிலேயே சரிவும் படியும் கணக்கிட்ட நடைவழிகளைக் குறித்துக் கொடுத்து, தொலைபேசியிலும் குழு நடையிலும் ஊக்கம் தந்தார்கள். எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது ஓராண்டு முடிவில் வித்தியாசம் இல்லை. விருப்பத்தோடு கடைப்பிடித்தவர்கள் மட்டும் நாளுக்கு 957 அடி கூடுதலாக நடந்தார்கள். 600 முதல் 1,100 அடி வரையிலான உயர்வே பயனுள்ளது என்று கணக்கிடப்பட்டிருப்பதால் அது சிறியதன்று. மனம் வைத்தவருக்குப் பலித்தது என்று சொல்லி நழுவிவிடலாம். மற்றவர்கள் ஏன் மனம் வைக்கவில்லை என்பதை ஆராய்வதே பொறுப்பான செயல். அதில் பயத்துக்குப் பெரிய பங்குண்டு. நடுத்தெருவில் மூச்சு முட்டி நின்றுவிடுவோமோ, இருமினால் ஒதுங்கிப் போவார்களோ, உட்கார ஒரு திண்ணைகூட இல்லையே என்ற எண்ணங்களுக்கு இன்ஹேலரில் மருந்து இல்லை. வீட்டாரின் அன்பும் சேர்கிறது. 'நீங்க உட்காருங்க, நான் பார்த்துக்கிறேன்' என்று தண்ணீர் டம்ளர் முதல் கையில் கொண்டுவந்து கொடுக்கும் குடும்பம், தன்னையறியாமல் நோயாளியின் நாளிலிருந்து அடிகளை எடுத்துக்கொள்கிறது. நெதர்லாந்தில் நோயாளிகளையும் உடன் வாழ்பவர்களையும் ஒருசேர அளந்தபோது, உடனிருப்பவர் சுறுசுறுப்பானவராக இருந்தால் நோயாளியும் அப்படியே இருந்தார்.

இரண்டு மறுப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் லெஸ்டரில் 389 பேரிடம் நடந்த சோதனையில், நோய் திடீரென முற்றி மருத்துவமனையில் சேர்ந்த இரண்டு நாளுக்குள் பயிற்சியைத் தொடங்கினார்கள். திரும்பச் சேர்வது குறையவில்லை. ஓராண்டில் இறந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் அதிகம். 2014இல் வெளியான இந்த முடிவை ஓரம்கட்ட நான் தயாரில்லை. தீவிர நிலையில் உடலை வருத்துவது தவறாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வதே நல்லது. ஆனால் அது வீடு திரும்பிய பிறகான பயிற்சிக்கு எதிரான சான்று ஆகாது. அமெரிக்காவில் முதியோர் அரசுக் காப்பீட்டில் உள்ள 1,97,376 பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, வீடு திரும்பி 90 நாளுக்குள் மறுவாழ்வுப் பயிற்சி தொடங்கியவர்களில் ஓராண்டில் இறந்தவர்கள் 7.3 விழுக்காடு, தொடங்காதவர்களில் 19.6. இதிலும் நலமானவர்களே பயிற்சிக்கு வந்திருப்பார்கள் என்பதால் முழு வித்தியாசத்தையும் பயிற்சிக்குத் தர முடியாது. அதைவிட என்னை உறுத்துவது வேறோர் எண்: அந்த வசதியான நாட்டில்கூடப் பயிற்சி தொடங்கியவர்கள் 1.5 விழுக்காடுதான். இரண்டாவது மறுப்பு நம் தெருக்களைப் பற்றியது. புகைக்கு நடுவே நடக்கச் சொல்வது நன்மையா? லண்டனில் நோயாளிகளை இரண்டு மணி நேரம் ஹைட் பூங்காவிலும், வேறொரு நாள் டீசல் பேருந்துகள் ஓடும் ஆக்ஸ்ஃபோர்டு தெருவிலும் நடக்க வைத்தார்கள். பூங்கா நடை நுரையீரலுக்கும் ரத்தக்குழாய்க்கும் தந்த நன்மை தெருவில் பெருமளவு காணாமல் போனது. இந்த மறுப்பு சரியானது. அதனால் எழும் கடமை வீட்டோடு இருக்கச் சொல்வதன்று. எங்கே, எப்போது நடப்பது என்று சொல்லித்தருவதும், மொட்டை மாடியையும் தெருக்கோடி விளையாட்டுத் திடலையும் மருந்துச் சீட்டில் எழுதுவதும்தான்.

இந்தியாவுக்கு இது பெரிய கேள்வி. இங்கே இந்த நோய் உள்ளவர்கள் 1990இல் 2.81 கோடி, 2016இல் 5.53 கோடி. நாட்பட்ட மூச்சு நோய்களால் உலகம் இழக்கும் நலமான ஆண்டுகளில் 32 விழுக்காடு நம்முடையது. மக்கள்தொகையில் நம் பங்கு 18 விழுக்காடு. இந்த நோயின் சுமையில் பாதிக்கும் மேல் காற்று மாசைச் சேர்ந்தது, புகையிலையின் பங்கு நான்கில் ஒன்று. திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களை ஊதச் சொல்லிப் பார்த்த ஆய்வு, அவர்களில் 2.44 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருப்பதைக் கண்டது; காரணங்களில் முன்னிற்பது விறகடுப்பு. காசநோய் தேறிய பின் தழும்பேறிய நுரையீரலோடு வாழ்கிறவர்கள் தனி. இவர்களின் அன்றாடத்தை அளக்க நம்மிடம் உள்ள கேள்விகள் வேறு வாழ்க்கைக்கானவை. மூச்சிரைப்பைப் படிநிலைகளாகப் பிரிக்கும் புகழ்பெற்ற கேள்விப்பட்டியல், சார்லஸ் ஃப்ளெட்சர் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களை ஆராய்ந்த பணியிலிருந்து வளர்ந்தது; மேட்டில் ஏறும்போது இரைக்கிறதா, நூறு கெஜம் நடந்ததும் நிற்கிறீர்களா என்று கேட்கும். வீட்டைவிட்டு அதிகம் வெளியே போகாத ஒரு பெண்ணுக்கு இரைப்பு வருவது குனிந்து பெருக்கும்போதும், குடத்தை இடுப்பில் தூக்கும்போதும், தரையில் உட்கார்ந்து எழும்போதும், குந்தியிருந்து எழும்போதும். உப்பிய நுரையீரலுக்கு வயிற்றை அழுத்தும் குனிதலும் குந்துதலும் நடையைவிடக் கடினம். 'மேட்டில் ஏறுவதில்லை' என்று அவர் சொல்லும் பதில் பட்டியலில் நலமாகப் பதிவாகிவிடும்.

வசதி இல்லை என்ற காரணமும் முன்போல் செல்லாது. மெல்போர்னில் 166 நோயாளிகளிடம் நடந்து 2017இல் வெளியான சோதனையில், ஒருமுறை வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட், பிறகு வாரம் ஒன்றாக ஏழு தொலைபேசி அழைப்புகள் என்ற எளிய ஏற்பாடு, மருத்துவமனைப் பயிற்சிக்குக் குறையாத பலனைத் தந்தது. ஆறு நிமிட நடைக்கு 30 மீட்டர் நீள நடைபாதை வேண்டும். பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் அது கிடைக்காது. ஒரு நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண ஒரு நாற்காலியும் ஒரு கடிகாரமும் போதும். தினசரி அடிகளை இன்று சட்டைப் பையில் இருக்கும் போனே எண்ணுகிறது. மிக மெதுவாக நடப்பவர்களிடம் அது தவறவிடும் என்றாலும், அவருடைய இந்த மாதத்தைப் போன மாதத்தோடு ஒப்பிட உதவும். பயிற்சியின் பலன் தொடராவிட்டால் ஓராண்டுக்குள் கரைந்துபோகிறது என்பதும் நன்கு தெரிந்ததே. ஆகவே எட்டு வார வகுப்போடு முடியும் ஏற்பாடு பயன்படாது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போல முடிவில்லாமல் தொடர வேண்டியது இது. 2021இல் தமிழ்நாடு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அந்த மாத்திரைகள் வீட்டுக்கே போகின்றன, பிசியோதெரபியும் போகிறது. அதே கதவைத் தட்டும் பணியாளர், இருமலும் இரைப்பும் உள்ளவரை நாற்காலியில் உட்கார வைத்து ஒரு நிமிடம் எண்ணி, நேற்று எங்கெல்லாம் நடந்தார் என்று கேட்டு, இரண்டையும் ஊதல் அளவுக்குப் பக்கத்தில் எழுதிவைக்கலாம். எழுதப்பட்ட எண் குறையும்போது மருத்துவர் மருந்தை மட்டும் கூட்டாமல் கால்களையும் வீட்டையும் பற்றி விசாரிக்க வேண்டியிருக்கும்.